கடலோரப் பாதையும் நம் காலடியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் சிங்கப்பூரில் பொங்கோல் என்னும் இடத்திலிருந்து வருகிறேன். ஜோகூர் நீரிணைக்கு இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம் நாங்கள். பொங்கோல் முனையில் நின்று பார்த்தால் பாசிர் கூடாங்கின் தொழிற்சாலைகள் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பக்கம். ஆனாலும் உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு வந்து சேர எனக்கு இத்தனை வயது ஆகிவிட்டது.

"கல்வியின் சிறப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் ஐயா" என்று தலைமையாசிரியர் கேட்டார். அதை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு நடப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். "விடிந்ததிலிருந்து நிரை நிரையாக நடந்து கால் வீங்கிப் போய் வந்திருக்கிறோம், இவர் நடக்கச் சொல்லித் தருகிறாராமே!" என்று தோட்டத்து அண்ணன்மார்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கடைசியில் உங்களிடமே வருவேன்.

சிங்கப்பூரில் ஒரு நீண்ட பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீவையே சுற்றி வருகிற பாதை. 'ரவுண்ட் ஐலண்ட் ரூட்' என்று அதற்குப் பெயர். முழுதும் முடிந்தால் 150 கிலோமீட்டர். கிழக்குப் பாதியான 75 கிலோமீட்டர் 2021-இல் முடிந்தது. மீதியை 2035-க்குள் முடிப்பதாகத் திட்டம். கார் கிடையாது, லாரி கிடையாது. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும்தான். காசும் கிடையாது.

அந்த 75 கிலோமீட்டரையும் புதிதாக வெட்டிப் போடவில்லை. முன்பே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூங்காக்கள் இருந்தன. ஆற்றோரப் பாதைகள் இருந்தன. கடற்கரைப் பாதைகள் இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இல்லாமல் கிடந்தவற்றை, நடுவில் விட்டுப்போன துண்டுகளைப் போட்டு, பூத் தொடுப்பதுபோல் கோத்துவிட்டார்கள்.

செலெத்தார் பக்கம் ரோவர்ஸ் பே பூங்காவில் தொடங்குகிறது. பொங்கோல், பாசிர் ரிஸ், சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை என்று வளைந்து வளைந்து போய், தெற்கே பெர்லேயர் கிரீக்கில் முடிகிறது. 2019-இல் திறந்த இன்னொரு பாதையும் உண்டு. அது மேற்கே ஜூரோங் ஏரிப் பூங்காவில் புறப்பட்டுத் தீவைக் குறுக்கே கடந்து 36 கிலோமீட்டர் வந்து, பொங்கோலை ஒட்டிய கோனித் தீவில் முடிகிறது. ஆக, இரண்டு பெரிய பாதைகளுக்கு எங்கள் பொங்கோல் ஒரு முடிச்சு.

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், சாமான் வாங்கப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கிருந்து ரயில் ஏறினால் வண்டி மாறாமல் பொங்கோலில் வந்து இறங்கலாம். 2003-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. அடுத்த முறை தீபாவளிச் சாமான் வாங்க வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது அந்தக் கடலோரமும் வாருங்கள். என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் பொங்கோல் முனை. அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1942 பிப்ரவரி 28-ஆம் தேதி, ஜப்பானிய ராணுவப் போலீஸ் அந்தக் கடற்கரையில் சீனர்கள் 300, 400 பேரை நிறுத்திச் சுட்டுக் கொன்றது. 1995-இல் அந்தப் பலகையை வைத்தார்கள். பிள்ளைகள் அதன் பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அது தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். இங்கே இருக்கிற பெரியவர்கள் சிலருடைய வீட்டிலும், அதே ஜப்பான் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத தாத்தா ஒருவர் இருப்பார். அவருக்குப் பலகை உண்டா? வீட்டில் யாராவது சொன்னால்தான் உண்டு.

அடுத்து, அந்தக் கடலோரத்தில் ஒரு மிருகக்காட்சிசாலை இருந்தது என்றால் நம்புவீர்களா? வில்லியம் லாரன்ஸ் சோமா பசாப்பா என்பவர் இந்திய வம்சாவளியினர், நிலபுலம் உள்ளவர். 1920-களில் தேக்காப் பக்கம், சிராங்கூன் சாலையில்தான் முதலில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்தார். 1928-இல் பொங்கோலில் 27 ஏக்கர் நிலம் வாங்கி, எல்லாவற்றையும் அங்கே கொண்டு போனார். ஏறக்குறைய 200 விலங்குகள், 2000 பறவைகள் இருந்தன. அவரிடம் வங்காளப் புலி ஒன்றும் உண்டு. அதற்கு 'ஆப்பை' என்று பெயர் வைத்து, நம் வீட்டு நாய்போலக் கூடவே வைத்திருந்தார். போர் வந்தது. அந்த நிலம் தங்களுக்கு வேண்டும் என்று ஆங்கிலேயப் படை ஒரே நாள் அவகாசம் கொடுத்தது. ஒரே நாளில் அவர் எங்கே கொண்டு போவார்? ஆபத்தான விலங்குகளைச் சுட்டார்கள், மற்றவற்றை அவிழ்த்துவிட்டார்கள். 1943-இல் பசாப்பா காலமானார். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு கூண்டுக் கம்பிகூடக் கிடையாது.

பிறகு கோனித் தீவு. பெயருக்குத்தான் தீவு, பாலம் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். பழைய பெயர் பூலாவ் செராங்கூன். 1930-களில் 'புலி மார்க்' தைலம் விற்ற ஹாவ் பார் சகோதரர்கள் கையில் இருந்தது. 1950-இல் குலாம் மஹ்மூத் என்ற இந்திய வணிகர் அதை வாங்கினார். அமெரிக்காவில் நியூயார்க்கில் இருக்கிற கோனித் தீவுபோல ஓர் உல்லாசத் தீவு ஆக்கிவிடுவது என்று அந்தப் பெயரையும் வைத்தார். உல்லாசத் தீவு வரவில்லை; பெயர் மட்டும் நின்றுவிட்டது. 2015-இல் அரசாங்கம் அதைப் பூங்காவாகத் திறந்தது. இன்றும் சவுக்கு மரங்கள் காற்றில் இரைந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால், ஊரிலே கடற்கரைக் கிராமத்துக்காரர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

தீவின் மறுபக்கம் இறங்கினால் சிவப்பு வண்ணத்தில் ஓர் இரும்புப் பாலம் வரும். அதைத் தாண்டினால் லோரோங் ஹாலுஸ். 1999 வரைக்கும் அது சிங்கப்பூரின் குப்பைமேடு. மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுப்புத் தண்ணீராகக் கசியும். பக்கத்தில் இருப்பதோ குடிநீர்த் தேக்கம். அதனால் அந்தக் கசிவை ஓரிடத்தில் சேர்த்து, நாணல் வளர்த்த பாத்திகள் வழியாக விடுகிறார்கள். நாணலின் வேரிலே இருக்கிற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. அறிவியல் பாடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இதைக் கட்டாயம் நேரில் பார்க்க வேண்டும். நாற்றமடித்த இடத்தில் இன்றைக்குக் கொக்கும் நாரையும் நிற்கின்றன.

இவ்வளவும் பாதையில் பலகைகளைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பலகையிலும் இல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். பொங்கோல் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம் இருந்தது. 1958-இல் எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கித்தாக் காட்டு வழியாகக் கடலுக்கு நடப்பார். பெரட்டுக் களத்தைத் தாண்டி, பாலை நிறுக்கிற கொட்டகையைத் தாண்டி, சீனருடைய பன்றிப் பண்ணை ஓரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி, தென்னந்தோப்பு ஒன்றில் புகுந்தால் கடல். வாளி நிறைய மட்டி பொறுக்கி வருவோம். அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். இந்த மரம் நன்றாகப் பால் கொடுக்கும், இந்த மேட்டில் பாம்பு உண்டு, இந்த ஓடையில் உங்கள் அம்மா முதல் முதலில் துணி துவைத்தாள் என்று. எட்டு வயதுப் பையனுக்கு அதெல்லாம் காதில் விழுமா? எனக்கு மட்டியின் மேல்தான் கண்.

பிறகு தோட்டம் போயிற்று. நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். 1984-இல் பன்றிப் பண்ணைகளை மூடுவதென்று அரசாங்கம் முடிவு செய்து, 1990 வாக்கில் அவையும் போயின. கடலையும் தூர்த்தார்கள். 1996-இல் பொங்கோலைப் புதிய நகரமாக்கும் திட்டம் வந்தது. 2011-இல் ஊர் நடுவிலேயே 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி வெட்டிவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. நல்ல வீடு, நல்ல தண்ணீர், நல்ல விளக்கு. லயத்துக் கூரை ஒழுகினதை நான் மறந்துவிடவில்லை.

1993-இல் ஒருநாள் அப்பா சொன்னார்: "தம்பி, ஒரு தடவை அந்தக் கடல் வரைக்கும் நடந்துட்டு வரலாம்டா. வழியை உனக்குக் காட்டிடுறேன்." நான் சொன்னேன்: "வர்ற ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்ப்பா." அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சங்கக் கூட்டம். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்தது மழை. 1994-இல் அப்பா காலமாகிவிட்டார்.

புதிய கடலோரப் பாதை வந்ததும் முதல் ஆளாகப் போனேன். அப்பாவின் பாதை எங்கே இருந்திருக்கும் என்று தேடினேன். பழைய கரையே இடம் மாறிவிட்டது. ஓடையும் இல்லை, மேடும் இல்லை. அந்தக் காலத்துப் பங்களா ஒன்று, மட்டில்டா ஹவுஸ், 1902 வாக்கில் கட்டியது, அது மட்டும் இருக்கிறது. துரை வீடு நின்றுவிட்டது. அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று 2000-இல் அறிவித்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் பால்காட்டுப் பாதையை யார் அறிவிப்பார்கள்? என் அப்பாவின் தலைக்குள்ளே அதன் வரைபடம் இருந்தது. நான் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அரசாங்கத்தின்மேல் போட முடியாது.

அன்றைக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். புல் வெட்டுகிற தம்பி ஒருவர் இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதுக்கோட்டைப் பக்கம். "இந்தப் பாதையில முழுக்க நடந்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். "புல்லு வெட்டத்தான் வந்திருக்கேன் ஐயா, நடக்க வரலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவும் கித்தாக் காட்டைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை தவிர.

"வர்ற ஞாயிறு வாங்களேன், சேர்ந்து நடப்போம்" என்றேன். வந்தார். இந்தத் தடவை நானும் தள்ளிப்போடவில்லை. பொங்கோல் முனையிலிருந்து பாசிர் ரிஸ் வரைக்கும் நடந்தோம். வழியில் அவர் சொன்னார், சின்ன வயதில் தைப்பூசத்துக்கு அம்மாவோடு பழனிக்குப் பாதயாத்திரை போனாராம். ஆறு நாள் நடை. "காலெல்லாம் கொப்புளம் ஐயா. ஆனா ஊருக்கு ஊரு பந்தல் போட்டு மோரு குடுப்பாங்க. அதை நினைச்சா இப்பவும் தெம்பா இருக்கு" என்றார். அந்த மோரை நான் குடிக்கவில்லை. ஆனாலும் எனக்கும் தெம்பு வந்தது.

பாருங்கள், நெடுந்தூரம் நடப்பது நமக்குப் புதியதா? நம்மவர்கள் கடலைப் பார்த்து நடந்த ஒரு பெரிய நடையைச் சொல்கிறேன். 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு உப்பு அள்ளப் புறப்பட்டார். அவருக்கு வயது 51. கூட ஏறக்குறைய நூறு தொண்டர்கள். தூரம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தார்கள். இவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யார் கொடுத்தார்கள்? மரம் கொடுத்தது! தொண்டர்கள் பசியாறி நடந்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சீமையிலும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில் 1014 கிலோமீட்டர் நீளமான கடலோரப் பாதை இருக்கிறது. இன்றைக்கு உலகம் முழுவதிலுமிருந்து உல்லாசப் பயணிகள் வந்து நடக்கிறார்கள். ஆதியில் அது யாருடைய பாதை? கள்ளக்கடத்தல்காரரைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் இரவில் நடந்து நடந்து தேய்ந்த பாதை. ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. அதனால்தான் பாதை கடலை விட்டுப் பிரியாமல் போகிறது. பக்கத்து வேல்ஸ் நாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 2012-இல் தங்கள் நாட்டுக் கடற்கரை முழுவதையும் 1400 கிலோமீட்டர் பாதையாகத் திறந்துவிட்டார்கள்.

வேலைக்கு நடந்தவன் காலடிதான் பின்னால் ஊரார் மகிழ்ந்து நடக்கிற பாதையாகிறது. அந்தக் காவலர்கள் போனார்கள், பாதை நின்றது. ஏனென்றால் பின்னால் வந்தவர்கள் அதை விடாமல் நடந்தார்கள், வரைபடத்தில் எழுதி வைத்தார்கள். பொங்கோலில் என் அப்பாவின் பாதைக்கு இரண்டும் நடக்கவில்லை.

இப்போது உங்களிடம் வந்துவிட்டேன். தோட்டம் நிரந்தரமா? பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத் துண்டாடல் என்ன பாடு படுத்தியது என்று சொல்வார்கள். அதைத் தாங்காமல்தானே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்! தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்குவோம் என்றார். கித்தா இருந்த இடத்தில் இன்றைக்குச் செம்பனை. செம்பனை இருக்கிற இடத்தில் நாளைக்கு வீடோ தொழிற்சாலையோ வரலாம். வரட்டும், உங்கள் பிள்ளைகள் அதில் பொறியாளராக இருக்கட்டும். ஆனால் லயத்திலிருந்து பள்ளிக்கு வருகிற வழி, ஆற்றங்கரை முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழி, பாட்டி தலையில் விறகு தூக்கி வந்த வழி, இவையெல்லாம் உங்கள் பெரியவர்களின் தலைக்குள்ளேதான் இருக்கின்றன. கணினியில் ஆகாயப் படம் பார்த்தால் மரத்தின் உச்சிதான் தெரியும். அடியில் யார் நடந்தார்கள் என்பது தெரியாது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கவனியுங்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமையே, தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிக்கொண்டு தோட்டத்தில் ஒரு வழியை முழுதாக நடந்து பாருங்கள். அவர்கள் நடைக்கு நீங்கள் மெதுவாக நடங்கள். ஒரு கையில் நோட்டுப் புத்தகம். இந்த மேட்டுக்கு என்ன பெயர், இந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், இந்த வளைவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். 'மங்கு' என்றால் மங்கு, 'சடக்கு' என்றால் சடக்கு. வீட்டுக்கு வந்து ஒரு வரைபடம் போடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மலரில் அவற்றுக்குச் சில பக்கம் ஒதுக்குவதாகத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். சபையிலே சொல்லிவிட்டேன், இனி அவர் தப்பிக்க முடியாது!

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நாள் முழுக்க வேலை செய்த உடம்பு ஓய்வு கேட்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் வாரத்தில் ஒருநாள், கூலிக்காக இல்லாமல், பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள். பிள்ளைகள் வீட்டுக்குள்ளே சொல்லாததை வழியில் சொல்லும். அப்பாமாரும் அப்படித்தான்.

பொங்கோலுக்கு வருகிறவர்களுக்கு வழிச்செலவுக் குறிப்பு இரண்டு மூன்று. 75 கிலோமீட்டர் என்று பயப்பட வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடந்தால் எட்டுத் தடவையில் முடிந்துவிடும். கணக்குப் பரிசு வாங்கியவர்கள் சரி பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன்னே, காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். கோனித் தீவில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். மணல் ஈ கடிக்கும். நீளக் காற்சட்டை நல்லது. குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள். பழனிக்கு நடந்தவரைக் கேட்டால் காரணம் சொல்வார்.

வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பொங்கோல் முனையில் காத்திருப்பேன். பந்தல் போட எனக்கு வசதி இல்லை. ஆனால் ஒரு செம்பு மோர் கட்டாயம் உண்டு.

பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். இந்த ஆண்டு பெறாத பிள்ளைகளே, பாதை 2035 வரைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கப் போகிறார்கள். உங்களுக்கும் நேரம் இருக்கிறது.